கேமராவுக்குப் பூட்டு போட்டாச்சு, படம் போகிற வழிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நகைப் பறிப்போ, பைக் திருட்டோ, கடை உடைப்போ, எந்தச் செய்தியானாலும் கடைசியில் ‘அப்பகுதியில் உள்ள சிசிடிவி காட்சிகளைக் கைப்பற்றி போலீசார் விசாரித்து வருகின்றனர்’ என்று ஒரு வரி உங்கள் நாளிதழில் வந்துவிடும். அந்த கேமராக்களை மாட்டிப் பிழைக்கிறவன் நான். காவேரிப்பட்டணம், பர்கூர், காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் ஜவுளிக்கடை, குடோன், மாங்கூழ் ஆலை, கல்யாண மண்டபம் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் வேலை. படம் ஹார்டுடிஸ்க்கில் போய் உட்கார்ந்த பிறகு நடப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். கேமராவில் கிளம்பி ஹார்டுடிஸ்க்குக்கோ முதலாளியின் மொபைலுக்கோ போய்ச் சேர்வதற்குள் அதை வழியிலேயே பிடித்து, அப்படியே ஓட்டிப் பார்க்க முடியும் என்பதைப் பற்றி மட்டும் யாரும் பேசக் காணோம். அதற்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமராவுக்கு பாஸ்வேர்டு வைத்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்று கடைக்காரர்கள் நம்புகிறார்கள், மாட்டிக்கொடுக்கும் எங்கள் ஆட்களில் பலரும் அதையே சொல்லிவிட்டு வருகிறார்கள். பாஸ்வேர்டு காப்பது கேமராவுக்குள் நுழையும் கதவை மட்டும்தான். நுழைந்த பிறகு வெளியே ஓடிவரும் படமும் சத்தமும் பெரும்பாலான இடங்களில் மூடாமல்தான் போகின்றன. குடோன் கேட்டுக்குப் பெரிய திண்டுக்கல் பூட்டு, சரக்கு ஏற்றிய லாரிக்குத் தார்ப்பாய் கிடையாது. தொப்பூர் கணவாயில் அது ஊர்ந்து போகும்போது பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் என்ன லோடு, எத்தனை மூட்டை என்று தெரியும்.

இது நடக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் ஐபி கேமராவிடம் படம் கேட்கும் முறைக்கு ஆர்டிஎஸ்பி என்று பெயர், 1998-ல் வந்தது, வழக்கமாக 554 என்ற போர்ட்டில், அதாவது கருவிக்குள் போக எண் போட்ட வாசலில், பேசும். கேட்டதும் படத்தையும் சத்தத்தையும் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்புவது ஆர்டிபி, அது 1996. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் 12 பைட்டில் ஒரு சீட்டு இருக்கும்: இது எத்தனையாவது பொட்டலம், உள்ளே இருப்பது எந்த வகைச் சத்தம் அல்லது படம், எந்த நேரத்துக்கு உரியது, யாரிடமிருந்து வருகிறது. வழியில் பிடித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வரிசை எண் இருக்கிறது, அடுக்கிவிடலாம். நேரம் இருக்கிறது, சரியான வேகத்தில் ஓட்டலாம். இதில் வேடிக்கை என்னவென்றால் நல்ல கேமராக்களில் உள்ளே நுழையும்போது பாஸ்வேர்டை அப்படியே அனுப்பாமல் கலக்கித்தான் அனுப்பும், அந்த இடத்தில் கவனமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் பாஸ்வேர்டு சரி என்று ஆனதும் பின்னாலேயே வரும் படத்துக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. பழைய முறையில் செட் செய்த கேமராவில் பாஸ்வேர்டே கூடப் படிக்கிற மாதிரிதான் போகும்.

இதெல்லாம் ஏதோ ஹேக்கர் வேலை, பெங்களூருவில் ஏசி ரூமில் உட்கார்ந்து செய்வது என்று நினைத்துவிட வேண்டாம். வயர்ஷார்க் என்று ஒரு மென்பொருள், 1998-ல் ஈதீரியல் என்ற பெயரில் ஜெரால்டு கோம்ப்ஸ் என்பவர் தொடங்கியது, 2006-ல் பெயர் மாறியது. இலவசம். உலகம் முழுக்க நெட்வொர்க் வேலை செய்கிறவர்கள் வைத்திருப்பது, என் லேப்டாப்பிலும் இருக்கிறது, அது இல்லாமல் சில கோளாறுகளைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதில் டெலிபோனி என்று ஒரு மெனு, அதற்குள் ஆர்டிபி, அதற்குள் பிளே பட்டன்.

பர்கூரில் ஒரு மொத்த ஜவுளிக்கடை. மேஜை போன் எல்லாம் நெட் வழியாகப் போகிற ஐபி போன். மதியத்துக்கு மேல் இங்கிருந்து பேசுவது எதிர்ப்பக்கம் வெட்டி வெட்டிக் கேட்கிறது என்று கூப்பிட்டார்கள். போனை மாற்றிப் பார்த்தாயிற்று, ஒயரை மாற்றிப் பார்த்தாயிற்று, சரியாகவில்லை. முதலாளியிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, ஸ்விட்ச்சில் (கடை ஒயரெல்லாம் வந்து சேரும் பெட்டி) ரூட்டருக்குப் போகிற ஒயர் சொருகும் போர்ட்டில் போவதையும் வருவதையும் ஒரு நகல் எடுக்கும்படி மிரர் செட் செய்து, என் லேப்டாப்பைச் சொருகினேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டுத் திறந்தால் பட்டியலில் ஒவ்வொரு அழைப்புக்கும் போகிற பக்கம் ஒரு வரி, வருகிற பக்கம் ஒரு வரி. குரலை எண்ணாக்கும் வகை ஜி.711. வினாடிக்கு 8000 முறை குரலை அளந்து, 20 மில்லிவினாடிக்கு ஒரு பொட்டலமாக, வினாடிக்கு 50 பொட்டலம். ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல். சுருக்குவது, மறைப்பது எதுவும் கிடையாது. பிளே அழுத்தியதும் திரையில் அலை அலையாகக் கோடு ஓடுகிறது, ஸ்பீக்கரில் கணக்குப்பிள்ளை குரல் கணீரென்று வருகிறது, சூரத் பார்ட்டியிடம் எவ்வளவு பாக்கி, எப்போது செக் போடுவோம், எந்த ரகத்துக்கு எவ்வளவு தள்ளுபடி கேட்கிறார் என்று ஒன்று விடாமல். பின்னால் நின்ற முதலாளி கேட்டார், “ஏந்தம்பி, இது இப்ப நம்ம கணக்குப்பிள்ளை பேசினதுதானே? நீ போனைத் தொடவே இல்லையே?”

“போனைத் தொட வேண்டியதில்லைங்ணா, இந்த ஒயரைத் தொட்டாப் போதும்.”

கோளாறு என்னவென்று கேட்டால் சின்ன விஷயம். சாப்பிடப் போன நேரத்தில் முதலாளியே வீட்டிலிருந்து மொபைலில் எட்டு கேமராவையும் ஒன்றாகத் திறந்து வைத்துக்கொள்கிறார், கடையிலிருந்து நெட்டில் வெளியே அனுப்பும் வழி, அதாவது அப்லோடு, நிரம்பிவிடுகிறது, குரல் பொட்டலம் வழியில் விழுகிறது. நான் பிடித்த இடத்தில் போகிற குரலும் வருகிற குரலும் சுத்தமாக இருந்தன, ஆகவே இழப்பு ரூட்டரைத் தாண்டி வெளியே போகிற வழியில்தான் என்று அந்தப் பட்டியலே காட்டிக்கொடுத்துவிட்டது. ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்ததும் சரியாயிற்று. பிடித்து ஓட்டிப் பார்க்கிற இந்த வசதி இல்லாவிட்டால் இன்னும் நான்கு போனை மாற்றிப் பணம் வாங்கியிருப்போம், நான் இந்த வசதியைக் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கோப்பு என் லேப்டாப்பில் இருந்தது, அதைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் அந்தக் கடையில் யார் யார் பேசினார்களோ எல்லோருடைய பேச்சும் அதில் இருந்தது. வேலை முடிந்ததும் முதலாளி கண் முன்னாலேயே அழித்துவிட்டு வந்தேன். கோளாறு பார்க்க வருகிறவர்கள் இப்படி எடுத்த கோப்பைப் பென்டிரைவில் போட்டு கம்பெனிக்கு அனுப்புவதும், வாட்ஸ்அப் குழுவில் ‘இதைக் கொஞ்சம் பாருங்க’ என்று போடுவதும் எங்கள் தொழிலில் சாதாரணம். ஏதோ எண்கள் நிறைந்த கோப்பு என்றுதான் நினைக்கிறார்கள். அதில் குரல் இருக்கிறது என்பது அனுப்புகிறவர்களில் பாதிப் பேருக்குத் தோன்றுவதே இல்லை.

சரி, படம்? குரல் மாதிரி அவ்வளவு சுலபமாக வராது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வயர்ஷார்க்கில் குரலுக்கு இருப்பது போல ஒரே பட்டனில் கேமரா படம் ஓடாது. பொட்டலங்களைப் பிரித்து, எச்.264 என்ற முறையில் சுருக்கிய பட ஓட்டத்தை வெளியே எடுத்து, எஃப்எஃப்எம்பெக் போன்ற ஒரு வீடியோ மென்பொருளில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு முழுப் படம் ஒரே பொட்டலத்தில் அடங்காது, 1400 பைட் சொச்சமாக வெட்டி வெட்டித்தான் வரும், அதை ஒட்ட வேண்டும். படத்தின் அளவு என்ன, எந்த முறையில் சுருக்கியது என்கிற விவரம் ஓட்டத்தின் ஆரம்பத்தில் கேட்டுக்கொள்ளும் பேச்சில் இருக்கும். நடுவில் பிடிக்க ஆரம்பித்தவனுக்கு அது கிடைக்காமல் போகலாம். அப்புறம் முழுப் படம் என்பது எப்போதாவதுதான் வரும், பல கேமராக்களில் 2 வினாடிக்கு ஒன்று, இடையில் வருவதெல்லாம் ‘முன்னே இருந்ததில் இது மட்டும் மாறியது’ என்கிற குறிப்பு. அந்த முழுப் படம் வரும்வரை திரையில் சாம்பல் பூசியது போலவோ பச்சையாக இழுத்ததுபோலவோதான் தெரியும். வந்துவிட்டால் சட்டென்று தெளிந்துவிடும், கல்லாப் பெட்டி, எண்ணுகிற கை, நோட்டின் நிறம் எல்லாம். கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான், முடியாதது இல்லை.

இதிலிருந்தே இன்னொன்றும் புரிந்துகொள்ளலாம். கேமரா படம் கட்டம் கட்டமாக உடைகிறது, ஆள் பாதியாக நகர்கிறான் என்றால் உடனே கேமராவைக் கழற்றாதீர்கள். பெரும்பாலும் வழியில் பொட்டலம் விழுந்திருக்கிறது, கேபிள் முனையில் மாட்டும் ஆர்ஜே45 சரியாக அழுத்திப் பிடிக்காததோ, மழையில் நனைந்த கேபிளோ காரணமாக இருக்கும். ஹார்டுடிஸ்க் இடம் மிச்சமாகட்டும் என்று படத்தை இன்னும் சுருக்கும் ஸ்மார்ட் கோடெக்கை ஆன் செய்து வைத்தால் முழுப் படம் இன்னும் தாமதமாக வரும், ஒரு பொட்டலம் போனாலும் அந்தச் சேதம் நீண்ட நேரம் திரையிலேயே நிற்கும். திருடன் கடந்து போன அந்த நாலு வினாடி அதில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

யார் பிடிக்க முடியும் என்று கேட்பீர்கள். நல்ல ஸ்விட்ச் என்றால் ஒரு போர்ட்டில் போகிறது அடுத்த போர்ட்டுக்குத் தெரியாது, உண்மைதான். ஆனால் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது? மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்குப் பக்கத்தில், பூட்டாத பெட்டியில். ஸ்விட்ச்சை ஏமாற்றிப் போக்குவரத்தைத் தன் பக்கம் திருப்பும் வித்தைகளும் புதிதில்லை. வைஃபை கேமராவென்றால் இன்னும் மோசம். நம் ஊரில் இன்னும் பரவலாக இருக்கும் டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பூட்டு முறையில், வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் மற்றவர்களின் கருவி இணைகிற அந்த நொடியைப் பிடித்துவிட்டால் அதற்குப் பிறகு அந்தக் கருவி பேசுவதையெல்லாம் பிரித்துப் படிக்கலாம். அந்த பாஸ்வேர்டைத்தான் லாட்ஜ் ரிசப்ஷனிலும் காபி கடைச் சுவரிலும் பிரிண்ட் எடுத்து ஒட்டி வைத்திருக்கிறோம், கேமராவும் அதே ரூட்டரில்தான். வேலையை விட்டு நின்ற பையனுக்கும் அது தெரியும், பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியும்.

3+1 என்கிற பழைய வகை கேபிளில் டிவிஆருக்கு (பதிவு செய்யும் பெட்டி) வருகிற பழைய ஹெச்டி கேமரா வைத்திருப்பவர்கள் ‘நமக்கு இது இல்லை’ என்று நிம்மதியாகிவிட வேண்டாம். கேமராவிலிருந்து டிவிஆர் வரைக்கும் நெட்வொர்க் இல்லை, சரி. டிவிஆரிலிருந்து உங்கள் மொபைலுக்குப் போவது நெட்வொர்க்தானே? வெளியூரிலிருந்து பார்க்க ரூட்டரில் போர்ட் திறந்துவிட்டிருந்தால், தார்ப்பாய் இல்லாத லோடு ஊர் தாண்டியும் போகிறது. திறந்த போர்ட்டும் மாற்றாத பாஸ்வேர்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2016 அக்டோபரில் உலகமே பார்த்தது. மிராய் என்கிற நிரல் இப்படிக் கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் ஆயிரக்கணக்கில் பிடித்து, இணையதள முகவரிகளைக் காட்டிக்கொடுக்கும் டைன் என்ற நிறுவனத்தின் மீது ஏவிவிட, ட்விட்டர், நெட்பிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் மணிக்கணக்கில் படுத்தன.

மூடி அனுப்ப வழி இல்லையா என்றால், இருக்கிறது, புதிதும் இல்லை. எஸ்ஆர்டிபி என்று குரலையும் படத்தையும் பூட்டி அனுப்பும் முறை 2004 மார்ச்சில் வந்துவிட்டது. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004 பிப்ரவரியில். மாவட்டத்துக்கும் இந்த முறைக்கும் ஒரே வயது. மாவட்டம் வளர்ந்து ஓசூர் மாநகராட்சியே ஆகிவிட்டது, கேமராக்காரர்கள் இன்னும் அதை ஆன் செய்யவில்லை. இத்தனைக்கும் நாம் காசு கொடுக்காமல் பயன்படுத்துவதெல்லாம் பூட்டித்தான் வருகிறது. வாட்ஸ்அப் அழைப்பை வழியில் பிடித்தால் வெறும் இரைச்சல்தான் கேட்கும். பிரவுசரில் நடக்கும் வீடியோ கூட்டங்களுக்கும் பூட்டு கட்டாயம், அந்த முறைக்கான விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பேரன் அமெரிக்காவிலிருந்து பாட்டியிடம் பேசுவது பத்திரமாகப் போகிறது, கடையின் கல்லா படம் திறந்து போகிறது.

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புத் தேவைகளை அறிவித்து, 2025 ஏப்ரல் 9 முதல் பரிசோதனைச் சான்று இல்லாத கேமராவை விற்கக் கூடாது என்று ஆக்கியிருக்கிறது. நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனால் ஏற்கெனவே மாட்டியிருப்பது அப்படியேதான் இருக்கிறது. புதுக் கேமராவில் பூட்டும் வசதி இருந்தாலும் ஐபி கேமரா படத்தைப் பதிவு செய்யும் பழைய என்விஆர் பெட்டிக்கு அது புரியாவிட்டால் படம் வராது. படம் வரவில்லை என்றால் கஸ்டமர் கத்துவார். ஆக மாட்டுகிறவர் அதை அணைத்துவிட்டு, படம் தெரிகிறதா பாருங்கண்ணா என்று பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இதில் யாரைக் குறை சொல்வது, கேட்டால்தானே செய்வார்கள்.

கேட்க வேண்டிய இடம் கொட்டேஷன். கடைக்காரர் கேட்பது எத்தனை மெகாபிக்சல், இரவில் எவ்வளவு தூரம் தெரியும், எத்தனை நாள் ரெக்கார்டிங் நிற்கும், இவ்வளவுதான். நான் பார்த்த பொது டெண்டர்களிலும் இதற்கு மேல் இருந்ததில்லை. ‘கேமராவிலிருந்து என்விஆருக்கும் என்விஆரிலிருந்து மொபைலுக்கும் படம் பூட்டித்தான் போக வேண்டும், ஆன் செய்து காட்ட வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்கட்டும். வணிகர் சங்கங்களும், தெருவுக்குத் தெரு கேமரா வைக்கும் உள்ளாட்சிகளும், பள்ளி விடுதி நடத்துகிறவர்களும் முதலில் சேர்க்கட்டும், விடுதிப் பிள்ளைகள் நடமாடும் படம் திறந்து ஓடுவதை எந்தப் பெற்றோர் ஒத்துக்கொள்வார்? கையில் இருக்கும் பழைய கேமராவுக்கும் வழி உண்டு. அதற்குத் தனி பிஓஇ ஸ்விட்ச் (அதே கேபிளில் கரண்டும் கொடுப்பது), தனி கேபிள், கடை வைஃபையோடு சேராமல். ஸ்விட்ச் பெட்டிக்கு ஒரு பூட்டு. ரூட்டரில் திறந்த போர்ட்டை மூடிவிட்டு விபிஎன் என்ற பூட்டிய தனி வழியாகப் பார்ப்பது. செலவு ஒரு கேமரா விலைக்குக் கூட வராது பல இடங்களில்.

போலீசாருக்கும் வக்கீல்களுக்கும் ஒரு விஷயம். வழியில் பிடித்து ஓட்டியது நடந்ததன் அச்சு அசல் நகல் இல்லை. வயர்ஷார்க் பிளேயரிலேயே நேரம் கணக்கிட மூன்று வகை இருக்கிறது. ஒன்றில் தாமதமாக வந்த பொட்டலத்தைத் தூக்கிப்போட்டு, போனில் கேட்டவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று காட்டும். இன்னொன்றில் தாமதத்தைப் பொருட்படுத்தாமல் தொடர்ச்சியாக ஓட்டும். அதே கோப்பு, ஒன்றில் பேச்சு திக்கும், ஒன்றில் சரளமாகப் போகும். ‘பேசும்போது தடுமாறினார்’ என்று ஒரு ஆடியோவை வைத்துச் சொல்வதற்கு முன்னால் எந்த வகையில் ஓட்டினார்கள் என்று கேட்க வேண்டும். பொட்டலத்தில் இருக்கும் நேரமும் சுவர்க் கடிகார நேரம் இல்லை, ஏதோ ஒரு எண்ணில் தொடங்கி ஏறிக்கொண்டு போவது. உண்மையான மணியோடு அதைச் சேர்ப்பதற்கு ஆர்டிசிபி என்ற தனிப் பொட்டலம் பிடிபட்டிருக்க வேண்டும், படத்தையும் குரலையும் உதட்டசைவு பிசகாமல் சேர்ப்பதும் அதை வைத்துத்தான். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும் அதில் ஹாஷ் மதிப்பும் (கோப்புக்குக் கைரேகை மாதிரி) கேட்கிறார்கள். ஹாஷ், கோப்பு மாறவில்லை என்று சொல்லும். வழியில் விழுந்துபோன பொட்டலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இதைப் படித்துவிட்டு எந்தத் தம்பியாவது பக்கத்துக் கடை வைஃபையில் உட்கார்ந்து முயற்சி செய்து பார்க்கலாம் என்று கிளம்ப வேண்டாம். உரியவர் அனுமதி இல்லாமல் அவர் நெட்வொர்க்கில் நுழைந்து தரவை எடுப்பது 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-வது பிரிவுகளில் வரும், 3 ஆண்டு வரை சிறை. ஆசையாக இருந்தால் வீட்டு கேமராவை வீட்டு லேப்டாப்பில் பிடித்துப் பாருங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. தங்கள் கேமராவை யாரோ பார்க்கிறார்கள் என்று சந்தேகம் உள்ளவர்கள் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.

கடைசியாக, உங்கள் நாளிதழில் அடுத்த முறை கேமரா விழிப்புணர்வு பற்றிப் போடும்போது ‘பாஸ்வேர்டை மாற்றுங்கள்’ என்பதோடு 554-ஐயும் சேர்த்துப் போடுங்கள். கேமராவும் என்விஆரும் ஒரே கம்பெனி என்றால் பல நேரம் அவை தங்கள் சொந்த முறையில் பேசிக்கொள்கின்றன, ஆர்டிஎஸ்பி யாருக்கும் பயன்படாமல் சும்மா திறந்து கிடக்கிறது. மெனுவில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஒரு டிக்கை எடுத்தால் போதும். எடுத்த பிறகு எல்லா கேமராவும் என்விஆரில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வராமல் போனது இருந்தால் அதற்கு மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு சிசிடிவி மெக்கானிக்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.